நட்டத்தில் நிற்கும் பங்கு



பங்குச் சந்தையைப் பற்றிய பேச்செல்லாம் எதை வாங்குவது என்பதைச் சுற்றியே நடைபெறுகின்றது. வாங்கியதை எப்பொழுது விற்பது என்பது அதனினும் கடினமான வினா. நூறு ரூபாவுக்கு வாங்கிய பங்கு அறுபதுக்கு இறங்கினால், “போட்ட முதல் திரும்பட்டும், அப்பொழுது விற்போம்” என்று காத்திருப்போர் பலர். விற்கும்வரை நட்டம் உறுதியாகவில்லை என்று மனம் தன்னைத் தேற்றிக்கொள்கின்றது. ஆனால், நாம் கொடுத்த விலை சந்தைக்குத் தெரியாது.

அமெரிக்கப் பேராசிரியர் தெரன்ஸ் ஓடீன், தரகு நிறுவனமொன்றின் 10,000 வாடிக்கையாளர் கணக்குகளை ஆராய்ந்து, 1998இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவ்வாடிக்கையாளர் இலாபத்தில் நின்ற பங்குகளை விரைந்து விற்று, நட்டத்தில் நின்றவற்றையே பற்றிக்கொண்டிருந்தனர். விற்றுவிட்ட பங்குகளோ அடுத்த ஓராண்டில், வைத்திருந்தவற்றைக் காட்டிலும் நன்றாகவே ஏறின.

இது சிறு முதலீட்டாளருக்கு மட்டும் உரிய பலவீனமன்று. புகழ்பெற்ற முதலீட்டாளர் வொரன் பஃபெற் தலைமை வகித்த பேர்க்ஷயர் ஹாதவே கம்பனி, 2012ஆம் ஆண்டின் இறுதியில் பிரித்தானியாவின் டெஸ்கோ கம்பனியில் 41.5 கோடி பங்குகளை வைத்திருந்தது. அவற்றிற்கு அது கொடுத்த விலை 230 கோடி டொலர். 2013இல் டெஸ்கோவின் நிருவாகத்தில் அவருக்கு ஐயம் பிறந்தது, 11.4 கோடி பங்குகளை இலாபத்துடன் விற்றார். ஐயம் முழுமைக்கும் உரியது. விற்பனையோ ஒரு பகுதிதான்! 2014இல் டெஸ்கோவின் சந்தைப் பங்கு சுருங்கியது. கணக்குகளில் இலாபம் மிகைப்படுத்தப்பட்டிருந்தமையும் செப்டெம்பரில் வெளிப்பட்டது. எஞ்சியவற்றையும் விற்றபொழுது, வரிக்குப் பின் நட்டம் 44.4 கோடி டொலர். மெதுவாக விற்றதே தமக்குக் கேடாயிற்று என்று பங்குதாரருக்கு எழுதிய மடலில் அவரே ஒப்புக்கொண்டார். அவருடைய கூட்டாளி சார்லி மங்கர் இத்தகைய தயக்கத்தை விரல் சூப்புதல் என்பாராம்!

எனினும், விலை இறங்கியது என்ற ஒன்றே விற்பதற்குக் காரணமாகாது. இதற்கும் அவரே சான்று. 1942இல், பதினொரு வயதுச் சிறுவனாக, சிற்றீஸ் சேர்விஸ் கம்பனியின் மூன்று பங்குகளைச் சுமார் 38 டொலர் வீதம் வாங்கினார். விலை 27க்கு இறங்கியது. மீண்டும் 40க்கு ஏறியதும், தப்பினோம் என்று விற்றுவிட்டார். பின்னர் அப்பங்கு 200 டொலரையும் தாண்டியது. அந்தச் சிறுவன் பார்த்தது வாங்கிய விலையை, கம்பனியையன்று.

கணக்கு ஒன்றும் உண்டு. விலை 50 வீதம் இறங்கினால் பழைய நிலையை அடைய எத்தனை வீதம் ஏறவேண்டும் என்று வகுப்பில் கேட்டால், ஐம்பது என்றே மாணவர் பலர் எழுதுவர். விடை நூறு. காத்திருப்போர் எதிர்பார்க்கும் ஏற்றம் எத்துணைப் பெரிதென்பதை இது காட்டும்.

ஆகவே, பங்கு வாங்கும் நாளிலேயே வாங்குவதற்கான காரணத்தை ஒரு குறிப்பேட்டில் இரண்டு வரிகளில் எழுதிவையுங்கள். ஆண்டறிக்கை வந்ததும் அவ்வரிகளோடு ஒப்பிடுங்கள். விற்பனை பெருகும் என்று எழுதினீர்களா? பெருகியதா? கடன் குறையும் என்று எழுதினீர்களா? குறைந்ததா? இன்று அந்தப் பணம் கையில் ரொக்கமாக இருப்பின், இன்றைய விலைக்கு இதே பங்கை வாங்குவீர்களா? மாட்டேன் என்பது விடையானால், அன்றே தரகருக்கு அறிவித்துவிடலாம். விற்ற காரணத்தையும் அதே பக்கத்தின் கீழ், தேதியிட்டு எழுதிவையுங்கள். அடுத்த பங்கை வாங்குமுன் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துக்கொள்ளலாம்.