தட்டில் வளரும் மூளைச் செல்கள்

தக்காளியிலும் கடற்பாசியிலும் குளுட்டமேட் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஜப்பானியர்கள் 'கொம்பு' என்ற கடற்பாசியில் வைக்கும் சாற்றுக்குத் தனிச் சுவை தருவது இதுதான் என்று 1908இல் கிகுனே இகேடா கண்டுபிடித்தார். நம் மூளையும் குளுட்டமேட்டைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஒரு நரம்புச் செல் இன்னொன்றைத் தூண்டுவதற்கு அதிகம் பயன்படுவது இதுவே. அதற்காகத் தக்காளியை அள்ளிச் சாப்பிட வேண்டாம்! சாப்பாட்டில் உள்ள குளுட்டமேட்டை மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்கள் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை.

இந்தத் தூண்டல் எப்படி நடக்கிறது? மண்டைக்குள் எட்டிப் பார்ப்பது கடினம். அதனால் விஞ்ஞானிகள் எலிக் கருவின் மூளைச் செல்களை எடுத்து, சத்து நீர் ஊற்றிய தட்டில் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வளர்க்கிறார்கள். அந்தச் செல்கள் மெல்லிய இழைகளை நீட்டி ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும்.

இப்போது தட்டில் குளுட்டமேட் விடுவோம். அது செல்லின் மேலுள்ள ஏற்பிகள் என்ற புரதங்களில் ஒட்டும். உடனே சில ஏற்பிகள் திறந்து சோடியம் அயனிகளை உள்ளே விடும். செல்லின் மின்னழுத்தம் மாறும். என்.எம்.டி.ஏ. என்னும் ஏற்பி மட்டும் அவசரப்படாது. அதன் துளையை மக்னீசியம் அயனி ஒன்று புட்டியின் தக்கைபோல அடைத்திருக்கும். மின்னழுத்தம் மாறிய பிறகுதான் அது விலகும். அப்போது கால்சியம் உள்ளே பாயும். மின்னழுத்த மாற்றத்தால் திறக்கும் வேறு வழிகளிலும் கால்சியம் நுழையும்.

இழை நுனிகளில் வேதிப்பொருள் நிரம்பிய நுண்பைகள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 40 நானோமீட்டர் அகலம்தான். கால்சியம் வந்ததும் அவை செல்லின் சவ்வோடு இணைந்து, உள்ளிருப்பதை வெளியே கொட்டும். சில செல்கள் கொட்டுவது என்ன தெரியுமா? அடுத்த செல்லை அடக்கும் 'காபா'! தூண்டும் பொருளே அடக்கும் பொருளையும் வெளிக்கொண்டு வருகிறது.

இது கால்சியத்தின் வேலைதானா என்று எப்படிச் சோதிப்பது? சத்து நீரிலிருந்து கால்சியத்தை நீக்கிப் பார்ப்பார்கள். நுண்பைகள் கொட்டுவது நின்றுவிடும். ஆனாலும் கொஞ்சம் காபா வெளியே வரும்! வழக்கமாகக் காபாவைச் செல்லுக்குள் இழுக்கும் புரதங்கள், உள்ளே சோடியம் பெருகியதால் எதிர்த்திசையில் வேலை செய்வதே காரணம்.

குளுட்டமேட் அளவுக்கு மிஞ்சினால் நரம்புச் செல்கள் இறந்துபோகும். அதனால் பக்கத்திலுள்ள துணைச் செல்கள் அதை உடனுக்குடன் உறிஞ்சிவிடுகின்றன. பக்கவாதத்தில் மூளைக்கு இரத்தம் தடைபட்டால் இந்தத் துப்புரவு வேலையும் கெடும். பக்கவாதம் வந்தவரை ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.