மழை மறைவில் ஒரு தறி நகர்

தென்கொரியத் தலைநகர் சியோலுக்குத் தெற்கே ஏறக்குறைய 30 கி.மீ. தொலைவில் சுவோன் என்னும் நகர் இருக்கிறது. பெருநகரை ஒட்டி வளரும் இத்தகைய ஊர்களைத் துணைநகர்கள் என்பர். அதைக் காணக் கொரியா வரை போவானேன்? திருப்பூரிலிருந்து காங்கயம் வழியாக 45 கி.மீ. அளவு சென்றால் வெள்ளகோவில் வந்துவிடும். 2009-இல் திருப்பூர் மாவட்டம் அமைந்தபோது ஈரோடு மாவட்டத்திலிருந்து அதில் சேர்ந்த ஊர் இது.

திருப்பூரில் பின்னல், வெள்ளகோவிலில் நெசவு. இரண்டும் ஒன்றல்ல. உங்கள் பனியனை இழுத்துப் பாருங்கள், நீளும். நூல் கண்ணி கண்ணியாகக் கோத்திருப்பதே காரணம். விசைத்தறித் துணியிலோ பாவு நெடுக்கிலும் ஊடை குறுக்கிலும் செல்கின்றன. அது அவ்வளவாக நீளாது.

இவ்வூருக்குத் தறி பொருந்தியது ஏன்? துணியை நெய்ய நீர் அதிகம் வேண்டாம், சாயமேற்றத்தான் வேண்டும். அந்தச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையையே பாழாக்கியது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதை அறிவீர்கள்.

வெள்ளகோவிலில் நீர் அரிது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறத்திலேயே பெரும்பகுதி மழையைக் கொட்டிவிடுகிறது. இப்பால் இறங்கும் காற்று அமுங்கிச் சூடேறுகிறது, மேகம் கரைகிறது. ஆனி, ஆடியில் காற்று மட்டும் மண்ணை வாரி இறைக்கும்!

உழவர்கள் இதற்கேற்ற வழி கண்டிருக்கிறார்கள். கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம். இதுதான் கொறங்காடு. காங்கயம் மாடுகள் இங்கேதான் மேயும். வறட்சி தாங்கும் முருங்கைக்கும் இவ்வூர்ச் சந்தை பெயர் பெற்றது.

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் மேற்கே ஓடும் ஆறுகளைக் கிழக்கே திருப்பியது. அதன் பாசனப் பரப்பு 3.77 லட்சம் ஏக்கர். நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்து நீர் விடுகிறார்கள். வெள்ளகோவில் கடைமடை. வழியில் கசிவது, ஆவியாவது, திருட்டுத்தனமாக உறிஞ்சப்படுவது போக எஞ்சியதே இங்கு வரும். உரிய பங்கு கேட்டு இப்பகுதி உழவர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள்.

இழப்பை நீங்களே அளக்கலாம். வாய்க்காலில் ஒரு காய்ந்த சருகை விட்டு, 10 மீட்டரை எத்தனை நொடியில் கடக்கிறதெனப் பாருங்கள். மீட்டரை நொடியால் வகுத்தால் வேகம். நீர்மட்டத்தில் ஓட்டம் சற்று அதிகமாதலால் அதை 0.85-ஆல் பெருக்குங்கள். பிறகு வாய்க்காலின் அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கனமீட்டர் என்று கிடைக்கும். கிளைகள் பிரியாத ஒரு நீளத்தில், மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் ஒரே நாளில் அளந்து கழித்துப் பாருங்கள்.