அட்டைச் சங்கிலியும் குறிச்சொல்லும்

ஆரணியைச் சுற்றிய பட்டு நெசவு வட்டாரத்தில், பெரணமல்லூரிலாகட்டும் அதன் அயலூர்களிலாகட்டும், ஜக்கார்டு பெட்டி ஏற்றிய ஒரு கைத்தறியின் முன் சிறிது நேரம் நின்று பார்ப்பவருக்கு முதலில் புலப்படுவது நெசவாளரின் கைவேகம்தான். கண்ணை உயர்த்தி, தறியின் மேலே நூலால் கோத்த அட்டைகள் சங்கிலியாகத் தொங்குவதையும், மிதியை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் ஓர் அட்டை விலகி அடுத்த அட்டை அதன் ஸ்தானத்தில் வந்து நிற்பதையும் கவனித்தால், கரையிலே மயிலாகவும் கொடியாகவும் மலரப் போகிற சித்திரம் முழுவதும் அந்த அட்டைகளில் குத்திய துளைகளாக முன்பே நிர்ணயமாகிவிட்டது என்பது விளங்கும்.

துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே புக இடமுண்டு. அப்பொழுது அதனோடு பிணைந்த கொக்கி மேலே தூக்கப்பட்டு, அதன் பொறுப்பில் உள்ள பாவு இழைகளும் எழுகின்றன. துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னே தள்ளிவிடுவதால் கொக்கி விலகிக்கொள்ள, இழை கீழேயே கிடக்கிறது. ஊடை ஒரு தடவை போவதற்கு ஓர் அட்டை என்பது கிரமம். ஜக்கார்டு வருமுன் அடை என்னும் பழைய முறையில் நெய்த காலத்தில் இழைகளைத் தூக்கிக் கொடுப்பதற்கென்றே இன்னொருவர் தறியருகில் இருக்க வேண்டியிருந்தது. அந்த உதவியாளரின் ஞாபகசக்தியையும் கவனத்தையும் அட்டைகள் தம்மிடம் வாங்கிக்கொண்டன.

ஆயினும் ஒரு விஷயத்தை அட்டைகள் வாங்கிக்கொள்ளவில்லை. சங்கிலியின் கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்துக் கட்டியிருப்பதால் கரைச் சித்திரம் ஓயாமல் சுற்றிச் சுற்றி வரும். உடலில் ஒரு புட்டாவுக்கும் அடுத்த புட்டாவுக்கும் நடுவே வெறும் நெசவு எவ்வளவு வரவேண்டும், முந்தானை வந்ததும் எந்தச் சங்கிலியை எடுத்துவிட்டு எதை மாட்டவேண்டும், எப்போது ஜக்கார்டின் மிதியை விட்டுச் சாதாரண மிதியை மட்டும் மிதிக்க வேண்டும் என்பனவோ நெசவாளரின் புத்தியிலேயே தங்கிவிட்டன. வரிசையாகச் செய்வதை அட்டை அறியும். தவிர்ப்பதையும், திரும்பச் செய்வதையும், போதும் என்று நிறுத்துவதையும் மனிதர் அறிவார்.

பிரான்சு தேசத்து லியோன் நகரத்தவரான ஜோசப் மரீ ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் இந்த யந்திரத்துக்கு உருவம் கொடுத்தார். அவருக்கு முன்பே 1725-இல் பாசில் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளையும், சில ஆண்டுகள் கழித்து ஃபால்கோன் தனித்தனி அட்டைகளையும் பிரயோகித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜக்கார்டின் உருவப்படத்தையே சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டிலே நெய்து 1839-இல் லியோனில் வெளியிட்டார்கள். அதில் ஒரு பிரதியைத் தம் இல்லத்தில் வைத்து விருந்தினருக்குக் காட்டி மகிழ்ந்தவர் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ். தாம் கற்பனை செய்த கணிதயந்திரத்துக்கும் இதே அட்டைகளால் ஆணையிட அவர் திட்டமிட்டார். அந்த யந்திரத்தை விளக்கி 1843-இல் ஏடா லவ்லேஸ் எழுதிய குறிப்புகளிலே எனக்கு மிகவும் அருமையாகத் தோன்றும் பகுதி, நெசவாலையின் அட்டைகளிலிருந்து பாபேஜின் அட்டைகள் எங்கே வேறுபடுகின்றன என்று அவர் சுட்டிக்காட்டும் இடமாகும்: ஒரு குறிப்பிட்ட அட்டைக் கூட்டத்தைப் பின்னோக்கி நகர்த்தி, வேண்டிய தடவை மறுபடியும் மறுபடியும் உபயோகிக்கும் ஏற்பாடு அதில் உண்டு. நெசவாளரின் தலைக்குள்ளே இருந்த தீர்மானத்தில் ஒரு பங்கை யந்திரத்துக்குக் கொடுக்கத் துணிந்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. யந்திரம் முழுமையாகக் கட்டப்படவில்லை, எண்ணம் நிலைத்துவிட்டது.

அதே எண்ணத்தை இன்று வலைப்பக்கத்திலும் காணலாம். நம் கைபேசியில் தோன்றும் வலைப்பக்கம் குறிச்சொற்களால் ஆனது. இது தலைப்பு, இது பத்தி என்று பெரும்பாலான பகுதிகளை ஒரு தொடக்கக் குறியும் ஒரு முடிவுக் குறியும் அணைத்துக்கொண்டு நிற்க, நடுவே உள்ளடக்கம் இருக்கும். இவற்றைப் பார்த்துப் பக்கத்தை வரைவது நம்மிடம் உள்ள பிரௌசர். ஆனால் பக்கம் நம்மிடம் வந்து சேருமுன், அதை அனுப்புகிற சர்வரிலேயே செயற்படும் குறிச்சொற்களும் உண்டு. 1995-இல் அலேர் சகோதரர்கள் வெளியிட்ட கோல்டுஃப்யூஷன் என்னும் மொழி அத்தகைய குறிச்சொற்களாலேயே புரோகிராம் எழுதும் வழியைக் காட்டியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1999-இல் கொண்டுவந்த ஜே.எஸ்.பி. என்னும் முறையும் அவ்வாண்டின் இறுதிக்குள் அதே வசதியைப் பெற்றது. மொழியோடு வந்த குறிச்சொற்கள் போதாதபோது நாமே புதிதாக ஒன்றைச் சிருஷ்டித்துக்கொள்ளலாம் என்பது இவற்றின் விசேஷம். இப்படி நாம் ஆக்கிக்கொள்வதையே கஸ்டம் டேக் என்கிறார்கள்.

பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தனக்கு ஒரு வலைத்தளம் அமைத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தின் ஒரு பகுதியில் விற்பனைக்குரிய சேலைகள் ஒவ்வொன்றும் படத்தோடும் விலையோடும் வரவேண்டும். இன்னொரு பகுதியில் நெசவாளர்களின் கூலிக் கணக்கு, சங்கத்து உறுப்பினருக்கு மட்டும் தெரியவேண்டும். முதலாவதில் ஒரே உள்ளடக்கம் சேலைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். இரண்டாவதில் பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்து உள்ளடக்கம் நடக்கவும் வேண்டும், நடவாமலும் போகவேண்டும். இந்த நிபந்தனைகளைப் பக்கந்தோறும் எழுதிவைப்பது பெருந்தொல்லை. நாளைக்கு விதி மாறினால் அத்தனை பக்கங்களையும் தேடித் திருத்த வேண்டிவரும். அதற்குப் பதிலாக ‘சேலைப் பட்டியல்’, ‘உறுப்பினர் மட்டும்’ என்று இரண்டு குறிச்சொற்களை ஆக்கிவிட்டால், பக்கத்தை அழகுபடுத்துகிறவர் அவற்றைத் தகுந்த இடத்தில் வைப்பதோடு தம் வேலை முடிந்தது என்று இருக்கலாம். தீர்மானம் விதியை அறிந்தவரிடம் ஒரே இடத்தில் தங்கும்.

அந்தத் தீர்மானம் எப்பொழுது நிகழ்கிறது என்பதே இங்கு நுட்பமான விஷயம். கோல்டுஃப்யூஷனில் முடிவுக் குறியும் உடைய ஒரு கஸ்டம் டேக்கைச் சர்வர் இரண்டு முறை அழைக்கிறது: தொடக்கக் குறியைக் கண்டவுடன் ஒரு முறை, உள்ளடக்கம் முடிந்து முடிவுக் குறியைக் கண்டவுடன் மறுமுறை. தான் இப்பொழுது எந்த நிலையில் அழைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் குறிச்சொல் விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியும். இதை அறியாமல் எழுதத் தொடங்குகிற இளைஞர்கள், ஒரு தடவை தோன்றவேண்டிய வாசகம் இரண்டு தடவை தோன்றுவதைக் கண்டு திகைப்பது வழக்கம்.

இரண்டு நிலைகளிலும் போக்கை மாற்றும் அதிகாரத்தை எக்சிட் என்னும் ஆணை கொடுக்கிறது. அதற்கு மூன்று விதங்கள் உண்டு. தொடக்க நிலையில் ‘எக்சிட்-டேக்’ என்றால், உள்ளடக்கத்தைத் தொடாமலே முடிவுக் குறிக்கு அப்பால் போய்விடும். கூலிக் கணக்கை அந்நியரிடமிருந்து காப்பதற்கு இதுவே போதும். அதே நிலையில் ‘எக்சிட்-டெம்ப்ளேட்’ என்றால், குறிச்சொல் தன் மிச்ச வேலையை மட்டும் விட்டுவிட்டு உள்ளடக்கத்துக்கு வழிவிடும். மூன்றாவதான ‘லூப்’ முடிவு நிலைக்கே உரியது; உள்ளடக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு முறை நடத்தச் சொல்வது அது. தொடக்க நிலையில் அதைச் சொன்னால் சர்வர் பிழை என்று மறுத்துவிடும். ஒரு முறைகூட நடவாத ஒன்றை மறுபடியும் நடத்துவது எங்ஙனம்? சேலைப் பட்டியலுக்கு வேண்டியது இந்த லூப்தான். ஆனால் இன்னும் சேலை இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து, இல்லாதபோது திரும்பாமல் விடுகிற பொறுப்பு குறிச்சொல்லை எழுதியவருடையது. அந்தச் சோதனையை அவர் மறந்தால் பக்கம் தானாக முடியாது, காலவரம்பு கடந்து சர்வர் நிறுத்தும் வரையில் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

ஜே.எஸ்.பி. இதையே வேறு விதமாக, என் அபிப்பிராயத்தில் இன்னும் தெளிவாக, ஒழுங்குபடுத்தியது. அங்கே குறிச்சொல் தன் வேலையின் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு விடையைத் திருப்பித் தரக் கடமைப்பட்டிருக்கிறது. தொடக்கக் குறியின் கட்டத்தில் விடை, உள்ளடக்கத்தை நடத்து அல்லது தவிர் என்பது. உள்ளடக்கம் ஒரு முறை முடிந்த பின் விடை, மறுபடியும் நடத்து அல்லது போதும் என்பது. முடிவுக் குறியின் கட்டத்தில் விடை, பக்கத்தின் எஞ்சிய பாகத்தைத் தொடர் அல்லது அத்தோடு நிறுத்து என்பது. நடுக்கட்டத்துக்கு உரிய தனி ஏற்பாடு 2001-இன் 1.2 பதிப்பில் திருத்தமாக அமைந்தது. குறிச்சொல் எழுதுகிறவர் ஒரு கட்டத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாவிட்டால், அடிப்படை வகுப்பில் முன்னரே எழுதிய விடை நடைமுறைக்கு வரும்: உள்ளடக்கத்தைத் தவிர், பக்கத்தைத் தொடர். உள்ளடக்கம் ஏன் தோன்றவில்லை என்று பலர் வெகுநேரம் தேடுவதற்கு இந்த மௌனமே காரணமாகிறது. 2003-இன் 2.0 பதிப்பில் கட்டங்களை நீக்கி, எல்லாவற்றையும் ஒரே செயலுக்குள் எழுதிக்கொள்ளும் எளிய வகையும் சேர்ந்தது. அதில் உள்ளடக்கத்தை எத்தனை முறை அழைக்கிறோமோ அத்தனை முறை அது நடக்கும், அழைக்காவிட்டால் தவிர்க்கப்படும்.

இவற்றுள் எல்லாம் பெரிய அதிகாரம் பக்கத்தை நிறுத்தும் அதிகாரம். ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். கூலிக் கணக்குப் பக்கத்தில் உறுப்பினர் அல்லாதவர் வந்தால் பக்கம் முழுவதையும் நிறுத்திவிடுவோம் என்று ஒருவர் நினைக்கிறார். நிறுத்தும் குறிச்சொல்லை, எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தலைப்புக் கோப்பிலே வைக்கிறார். ஒவ்வொரு பக்கமும் ஓடும்போது அந்தக் கோப்பை அழைத்துத் தன்னுள்ளே சேர்த்துக்கொள்கிறது. பார்வைக்கு இது மிகவும் சாமர்த்தியமான ஏற்பாடு. ஆனால் ஜே.எஸ்.பி. விதிப்படி, ஒரு பக்கம் ஓடும்போது வேறொரு பக்கத்தால் இவ்விதம் அழைக்கப்பட்டிருந்தால், நிறுத்து என்ற விடை அழைக்கப்பட்ட பக்கத்தை மட்டுமே நிறுத்தும். அழைத்த பக்கம் தன் போக்கில் தொடரும். அதாவது தலைப்புக் கோப்பு பாதியில் நின்றுபோகும், அதற்குக் கீழே கூலிக் கணக்கு முழுவதும் அந்நியர் கண்ணுக்கு முன் விரியும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. உறுப்பினராகவே உள்ளே நுழைந்து சோதித்துப் பார்க்கிற சங்கத்தாருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும்.

இதற்குப் பரிகாரம் சோதனையைக் கணக்குக்கு அருகில் கொண்டுவருவதுதான். பக்கத்தை நிறுத்த முயல்வதைக் கைவிட்டு, கூலிக் கணக்கையே ‘உறுப்பினர் மட்டும்’ என்ற குறிச்சொல்லின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே வைத்து, தொடக்கக் கட்டத்திலேயே தவிர் என்ற விடையைத் தரச்செய்தால், எந்தக் கோப்பு எதை அழைத்தது என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லாமல் போகிறது. உறுப்பினர் அல்லாதவருக்குக் கணக்கைத் தேடி எடுக்கும் வேலையைச் சர்வர் தொடங்குவதே இல்லை. அப்படி அமைத்த பின்னரும், உறுப்பினர் அல்லாத ஒருவராக ஒரு முறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகே அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது முறை.