'ஸ்ட்ராங்' என்றால் கருநிறம் என்று பொருளா? உள்ளூர்க் கடைகளில் அடர்நிற கிராஃப்ட் பீர் அரிதாக இருப்பது ஏன்?

பெங்களூரு: மதுக்கடைகளின் குளிர்சாதனப் பெட்டியில் உள்ள பீர் பாட்டில்களில் பலவற்றின் மீது 'ஸ்ட்ராங்' என்ற சொல் பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும். வறுத்த காபியின் மணமும் கருஞ்சாக்லேட்டின் கசப்பும் கொண்ட கருநிற பீரை எதிர்பார்த்து அதை வாங்குபவருக்கு, கோப்பையில் ஊற்றியதும் கிடைப்பது வைக்கோல் நிற லாகர். இந்தக் குழப்பத்தின் வேர் அந்த ஒற்றைச் சொல்லில்தான் உள்ளது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் மதுபான ஒழுங்குமுறை விதிகள் 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, ஆல்கஹால் அளவு 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை இருந்தால் அது 'ஸ்ட்ராங்' பீர். நிறம், சுவை, தயாரிப்பு முறை ஆகியவை குறித்து அச்சொல் எதுவும் கூறுவதில்லை.

நிறம் வருவது எப்படி?

பீரின் கருநிறம் வறுப்பிலிருந்து வருகிறது. முளைகட்டி உலர்த்திய பார்லியை 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் காபிக்கொட்டையைப் போல வறுக்கின்றனர். மொத்த தானியத்தில் பத்தில் ஒரு பங்கு கூட வேண்டியதில்லை. அதற்கும் குறைவாகச் சேர்த்தாலே பீர் கருத்துவிடும். ஆல்கஹாலோ, ஈஸ்ட் நொதிக்கச் செய்யும் சர்க்கரையின் அளவைப் பொறுத்தது. ஆகவே கருநிற பீர் மென்மையாகவும், வெளிர்நிற பீர் வீரியமாகவும் இருக்கலாம். அயர்லாந்தின் கின்னஸ் டிராஃப்ட் பார்வைக்கு மை போன்றது. அதிலுள்ள ஆல்கஹால் 4.2 சதவீதம் மட்டுமே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்று கருநிற பீரைக் குறிக்கும் 'ஸ்டவுட்' என்ற சொல், 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் வீரியமான பீர் என்ற பொருளிலேயே வழங்கியது. போர்ட்டர் வகையில் வீரியம் கூடியது 'ஸ்டவுட் போர்ட்டர்' எனப்பட்டது. காலப்போக்கில் அச்சொல்லில் வீரியம் மறைந்து, நிறம் மட்டும் எஞ்சியது.

கடைக்கு வராதது ஏன்?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மதுபானம் மாநிலப் பட்டியலில் உள்ளது. தயாரிப்பு, விற்பனை, கலால் வரி என அனைத்தையும் தீர்மானிப்பவை மாநில அரசுகளே. ஒவ்வொரு பீர் வகையின் லேபிளையும் விற்பனை செய்யும் மாநிலத்தில் கட்டணம் செலுத்திப் பதிவு செய்தாக வேண்டும். லட்சக்கணக்கில் பாட்டில்கள் விற்கும் லாகர் நிறுவனத்துக்கு இது சிறு செலவு. சில ஆயிரம் லிட்டர் ஸ்டவுட் வடிக்கும் சிறு நிறுவனத்துக்கு இதுவே பெரும் சுமை. இதனால், இரண்டு லேபிள்களை மட்டும் பதிவு செய்ய நேர்ந்தால், மெதுவாக விலைபோகும் கருநிற வகையே பெரும்பாலும் கைவிடப்படுகிறது.

பெங்களூரு, புனே, குருகிராம் போன்ற நகரங்களில் செயல்படும் மைக்ரோபிரூவரிகளின் நிலை வேறு. பெங்களூரு இந்திராநகரில் 2010-இல் தொடங்கப்பட்ட 'டாய்ட்' போன்ற இடங்களில் கருநிற பீரும் வடிக்கப்படுகிறது. ஆனால், வடித்த இடத்திலேயே பரிமாறுவதுதான் இத்தகைய உரிமத்தின் அடிப்படை. அங்கு குழாயிலிருந்து வரும் ஸ்டவுட், அடுத்த தெருவில் உள்ள மதுக்கடைக்குச் செல்ல வழியில்லை. 2020 ஊரடங்கின்போது, தேங்கிய பீரை வாடிக்கையாளர்கள் எடுத்துச் செல்ல கர்நாடக அரசு தற்காலிகமாக அனுமதித்தது.

இத்தனைக்கும், கடை அலமாரியைத் தாக்குப்பிடிக்கும் தன்மை வீரியமான கருநிற பீருக்கே அதிகம். ஹாப்ஸ் மணத்தை நம்பியிருக்கும் ஐபிஏ வகை, வெப்பத்தில் சில வாரங்களிலேயே பொலிவிழந்துவிடும். வறுத்த மால்ட்டும் கூடுதல் ஆல்கஹாலும் கொண்ட ஸ்டவுட் அத்தனை விரைவில் கெடுவதில்லை. வட இந்தியக் கோடையைத் தாங்கக்கூடிய வகைதான் கடைகளில் அரிதாகக் காணப்படுகிறது.

எதைப் பார்த்து வாங்குவது?

முன்பக்கத்தில் உள்ள 'ஸ்ட்ராங்' என்ற சொல்லை விட்டுவிட்டு ஸ்டவுட், போர்ட்டர், டுங்கல், டாப்பல்பாக் ஆகிய வகைப் பெயர்களைத் தேடுவது பலன் தரும். சத்தீஸ்கரின் சிம்பா நிறுவனத்துடைய ஸ்டவுட், பெங்களூருவின் 'கைஸ்ட்' தயாரிக்கும் டுங்கல் ஆகியவை இந்தியத் தயாரிப்புகளுக்குச் சில உதாரணங்கள். அடுத்து லேபிளில் ஆல்கஹால் சதவீதத்தைப் பார்க்க வேண்டும். டுங்கல் பொதுவாக 5 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். டாப்பல்பாக் 7 சதவீதத்தைத் தொடும். தயாரிப்புத் தேதியும் காலாவதித் தேதியும் லேபிளிலேயே இருக்கும். வெயில் படும் அலமாரியில் நிற்கும் பாட்டிலைவிட, குளிர்பெட்டியின் உள்வரிசையில் உள்ளதே மேல்.

8 சதவீத உச்சவரம்பையும் மறக்கலாகாது. ரஷ்ய அரசவைக்கு ஏற்றுமதியான வரலாறு கொண்ட இம்பீரியல் ஸ்டவுட் வகை பெரும்பாலும் இவ்வரம்பைத் தாண்டியது. ஏற்றுமதிச் சந்தைகளில் 8.8 சதவீதத்துடன் விற்கப்படும் இலங்கையின் லயன் ஸ்டவுட்டும் அந்த அளவில் வரம்புக்கு வெளியேதான் நிற்கிறது.

பாட்டில் சிறிதாக இருப்பதைக் கொண்டும் வீரியத்தைக் கணிக்க முடியாது. 8 சதவீத ஆல்கஹால் கொண்ட 330 மில்லிலிட்டர் பாட்டிலில் 26 மில்லிலிட்டருக்கு மேல் தூய ஆல்கஹால் உள்ளது. 5 சதவீதம் கொண்ட 500 மில்லிலிட்டர் கேனில் இருப்பது 25 மில்லிலிட்டர். பீர் வாங்குவதற்கான குறைந்தபட்ச வயதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது: மகாராஷ்டிரத்தில் 21, டெல்லியில் 25. குஜராத், பிகார் மாநிலங்களில் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது.