மேற்கே உதித்த சூரியன்: ஜப்பானியப் பூதம் பிறந்த கதை

1954-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி. பொழுது இன்னும் புலரவில்லை. பசிபிக் கடலில் ஒரு ஜப்பானியப் படகு சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. படகில் 23 பேர். திடீரென்று மேற்கு வானம் பளீரென்று ஒளிர்ந்தது. மேற்கில் சூரியன் உதிக்குமா? உதித்தது போலத்தான் இருந்தது!

சில மணி நேரம் சென்றது. வானத்திலிருந்து வெள்ளைச் சாம்பல் கொட்டியது. தலையில் விழுந்தது, சட்டைக்குள் புகுந்தது. இது என்ன என்று நாக்கில் வைத்துப் பார்த்தவரும் உண்டு.

பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்துப் பார்த்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் அது. ஹிரோஷிமா குண்டைப்போல ஏறக்குறைய 1,000 மடங்கு வலிமை! அபாய எல்லை என்று அறிவித்த இடத்துக்கு வெளியேதான் படகு இருந்தது. ஆனால் சாம்பலுக்கு எல்லை தெரியுமா? படகின் பெயர் 'ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்'. என்ன அதிர்ஷ்டமோ! 23 பேரும் நோயோடு கரை திரும்பினார்கள். ரேடியோ இயக்கிய குபோயாமா செப்டம்பர் 23-ந் தேதி இறந்தார்.

நவம்பர் 3-ந் தேதி, ஜப்பானியக் கொட்டகைகளில் 'கோஜிரா' என்ற படம் வெளியாயிற்று. உலகம் 'காட்ஜில்லா' என்று அழைக்கும் பூதம் அதுதான்.

சொல்லாமல் சொன்ன கதை

படத்தின் தொடக்கமே கடல்தான். மாலுமிகள் பாட்டும் வாத்தியமுமாக இருக்கிறார்கள். கடல் பளீரென்று மின்னுகிறது. கப்பல் எரிந்து மூழ்குகிறது. கொட்டகையில் இருந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

குண்டுச் சோதனையால் கலைக்கப்பட்டுக் கடலடியிலிருந்து எழுந்து வருகிறது, 50 மீட்டர் உயரப் பூதம். அதன் மூச்சு பட்ட இடம் தீ. ரெயிலில் ஒரு பெண், நாகசாகியில் பிழைத்துவந்ததைச் சொல்லி அலுத்துக்கொள்கிறாள். எரியும் தெருவில் ஒரு தாய், "சீக்கிரமே அப்பாவிடம் போய்விடுவோம்" என்று குழந்தைகளை அணைத்துக்கொள்கிறாள். ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தையின் அருகே கதிர்வீச்சு அளக்கும் கருவியை வைக்கிறார்கள். வைத்தவர் தலையை அசைக்கிறார். பூதம் வரும் காட்சிகளைவிட எனக்கு இதுதான் பயங்கரம்.

இதை நேராகவே சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். 1952 வரை ஜப்பானை அமெரிக்கப் படை ஆண்டது. குண்டு செய்த கொடுமையைப் பத்திரிகைகள் தாராளமாக எழுத முடியாத காலம் அது. துக்கம் நெஞ்சிலேயே உறைந்திருந்தது. இரவில் பாம்பைப் 'பூச்சி' என்கிறோம் அல்லவா? அப்படி வேறு பெயரில் வந்தது குண்டு. டைரக்டர் இஷிரோ ஹோண்டா, யுத்தம் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைப் பார்த்தவர்.

பூதம் என்னவோ ரப்பர்தான்! சுமார் 100 கிலோ உடைக்குள் நகாஜிமா என்ற நடிகர் வியர்த்து நடந்தார். அந்தக் கர்ஜனை? பெரிய பிடில் வாத்தியத்தின் தந்தியைப் பிசின் தடவிய தோல் கையுறையால் தேய்த்து எடுத்த ஓசை.

பூதத்தைக் கொல்லும் ஆயுதத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி, தன் குறிப்புகளை எரித்துவிட்டு, பூதத்தோடு தானும் மடிகிறான். உயிரோடு இருந்தால் ரகசியத்தைக் கறந்துவிடுவார்களே! இப்படியும் விஞ்ஞானி உண்டா என்று அன்று ஏங்கியவர்கள் எத்தனை பேரோ.

கத்தரியும் கூத்தும்

1956-ல் இப்படம் அமெரிக்காவில் வேறு உருவில் வந்தது. அமெரிக்க நடிகர் ரேமண்ட் பர் புதிதாகச் சேர்ந்தார். குண்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கத்தரிக்குப் பலியாயிற்று. மிஞ்சியது வெறும் பூதம்.

ஜப்பானிலும் பயம் தணிந்தது. நாடு செழித்தது. 1964 முதல் பூதம் மற்றப் பூதங்களோடு சண்டையிட்டு ஊரைக் காக்கத் தொடங்கியது. 1965-ல் வந்த படத்தில் ஆனந்தக் கூத்தே ஆடியது! குழந்தைகள் கைதட்டினார்கள். தட்டட்டுமே, அவர்கள் அந்தச் சாம்பலைப் பார்த்தவர்கள் அல்லவே.

2011 மார்ச்சில் பூகம்பம், கடல்கோள், புகுஷிமா அணு உலை விபத்து. 2016-ல் 'ஷின் காட்ஜில்லா' வந்தபோது கூத்தாடியைக் காணோம். பூதம் ஊரை மிதிக்கிறது. அதிகாரிகள் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு ஓடுகிறார்கள். இம்முறை பயம் அந்நியன் போட்ட குண்டைப் பற்றியது அல்ல. சொந்த உலையையும் சொந்த சர்க்காரையும் பற்றியது.

அந்தப் படத்தின் முடிவில் பூதம் சாகவில்லை. மருந்து ஏற்றி உறையவைக்கிறார்கள். டோக்கியோ ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்படியே நிற்கிறது. அதைச் சுற்றித்தான் ஜனங்கள் இனி வீடு கட்டிக்கொள்ள வேண்டும்.