ஆற்று மாதிரிக்கு மரத்தூள் இலைகள்

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலில் கலக்கும் தாமிரபரணியை வகுப்பில் மாதிரியாகச் செய்யும்போது, மரங்களைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. மரத்தூளை வெளியில் வைத்துச் சலித்து, பச்சை வண்ண நீரில் ஊறவைத்து, உலர்த்துங்கள். கிளையுள்ள காய்ந்த குச்சியில் தேங்காய் நாரைப் பிரித்துச் சுற்றிப் பசை தடவி, தூளைத் தூவினால் மரம் தயார்.

ஆனால், எல்லா மரத்துக்கும் ஒரே பச்சை வேண்டாம். பொதிகையின் மழைக்காட்டுக்குக் கரும்பச்சையை நெருக்கமாகத் தூவலாம். ஆற்றங்கரை மருதத்துக்கு நடுத்தரப் பச்சை; நெல்வயலுக்கு இளம்பச்சை. கடலோரத் தேரியில் செம்மண் நிறத் தூள் பரப்பி, விசிறிபோல் வெட்டிய காகித ஓலைகளுடன் பனைகளைத் தள்ளித் தள்ளி நடலாம்.

“இங்கே ஏன் இந்த நிறம்?” என்று கேளுங்கள். மழையையும் மண்ணையும் மாணவர்களே பேசத் தொடங்குவார்கள்.