நான்கு மணி நேரத்துக்கு ஒரு துணை

டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டியுள்ளது. ஊசி பொருத்திய கையை அசைக்கலாகாது. மற்றொரு கையால் மட்டும் புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் புரட்டுவது கடினம். பொதட்டூர்பேட்டையிலிருந்து எங்களிடம் வரும் முதிய நெசவாளர் ஒருவர், மூன்றாம் மணி நேரத்திலேயே "போதும் சார், ஊசிய எடுத்துடுங்க" என்பார். நேரத்தைக் குறைத்தால் கழிவும் மிகுதியான நீரும் உடலிலேயே தங்கும், மூச்சுத்திணறலும் வரக்கூடும் என நாங்கள் பலமுறை விளக்கியும் பயனில்லை.

ஒருநாள் அவருடைய மகள் கைபேசியில் 'பொன்னியின் செல்வன்' ஒலிநூலைக் கொண்டுவந்தார். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்த அந்நாவலைப் பாம்பே கண்ணன் குழுவினர் பல குரல்களில், நாடகம் போலப் பதிவு செய்துள்ளனர். இளமையில் தறிக்கூடத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்ட கதை அது என்றார் பெரியவர். இப்போது பெரும்பாலான நாள்களில் முழு நேரமும் படுத்திருக்கிறார்.

கேட்க விரும்புவோர் சிலவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டுகிறோம். கதையை வீட்டிலேயே பதிவிறக்கம் செய்து வாருங்கள். ஒரு காதில் மட்டும் கேளுங்கள். இயந்திரத்தின் எச்சரிக்கை ஒலியும் செவிலியரின் குரலும் மற்றொரு காதில் விழ வேண்டும். தலைசுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல் தோன்றினால், கதை எத்துணைச் சுவையான கட்டத்தில் இருந்தாலும் உடனே சொல்லுங்கள். விசைத்தறி இரைச்சலில் பல்லாண்டு உழைத்தவர்களுக்குச் செவித்திறன் குறைந்திருக்கலாம். ஒலியை மேலும் கூட்டாமல், காதுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கதை மருந்தன்று. ஆயினும், சிகிச்சையை இடையில் நிறுத்தாதிருக்க அது துணை நிற்குமாயின், அதனை நாங்கள் மகிழ்வுடன் வரவேற்கிறோம்.